பதினோராம் வகுப்புச் சைக்கிள்காரர்களுக்கு ஒரு மடல்

மதுரையில் பதினோராம் வகுப்பு படித்து, அரசின் விலையில்லா மிதிவண்டி வாங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்களிடம் ஒப்படைத்த சைக்கிள் இப்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். தெருமுனைக் கடையில் கொடுத்து நட்டு முடுக்கி, பிரேக் பார்த்து, காற்றடித்து ஓட்டத் தொடங்கியிருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரத்தில் போய்வரத்தான் அரசு அதைக் கொடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் நடக்கும் திட்டம் அது. எத்தனையோ பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், படிப்பை நிறுத்தாமல் மேல்வகுப்புக்குப் போக அது துணையாக இருந்திருக்கிறது. அந்தப் பயன் முதலில் கிடைக்கட்டும். அதற்கு மேல் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நம் ஊரைப் பார்க்கப் போங்கள்.

இதை இப்போதே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினெட்டு வயதானால் லைசென்ஸ் எடுப்பீர்கள். வீட்டில் ஒரு பைக்கோ ஸ்கூட்டியோ வரும். அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் சைக்கிளைத் தொடுவதில்லை. பைக்கில் போகிறவருக்குக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வழியில்லை. பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியாக எதையாவது கண்டாலும் இறங்கிப் பார்க்க முடியாது. சைக்கிளில் அப்படியில்லை. நினைத்த இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கலாம். ஒரு சந்து கண்ணில் பட்டால் இறங்கி உருட்டிக்கொண்டே உள்ளே போகலாம். பின்னால் யாரும் ஹாரன் அடித்து விரட்ட மாட்டார்கள். பார்க்கிங் தேட வேண்டாம், பெட்ரோல் காசு வேண்டாம். நம் மதுரை நிற்கிறவர்களுக்குத்தான் தன்னைக் காட்டும். நிற்க முடிகிற வண்டி உங்கள் கையில் இருப்பது இந்த இரண்டு வருஷம்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். நீங்கள் தினமும் கடந்து போகும் வீதிகளிலிருந்தே தொடங்கலாம்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அடுத்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காலையில் இவற்றை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சுற்றி வாருங்கள். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு இடமில்லை. சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தே சுற்றுங்கள். ஆவணி மூல வீதியிலிருந்து சைக்கிளில் ஏறிக்கொள்ளலாம். சுற்றும்போதே ஒரு கேள்வி வர வேண்டும். சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் மாசி வீதிகளில் ஓடுகிறது? மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தவை. திருமலை நாயக்கர் காலத்தில்தான் அவை சித்திரைக்கு மாற்றப்பட்டு, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்ந்தன. மாதம் மாறியது, தேர் ஓடும் வீதி மாறவில்லை. அந்த வீதியில்தான் நாம் இன்றைக்கும் துணி எடுக்கிறோம், பாத்திரம் வாங்குகிறோம்.

மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் வந்தால் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, தெற்கு மாரட் வீதி என்று இருக்கும். உள்ளே இருக்கும் வீதிகளுக்கெல்லாம் மாதங்களின் பெயர் இருக்கும்போது, இங்கே மட்டும் ஆட்களின் பெயர் ஏன்? நீங்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் மதுரைக் கோட்டையின் மதிலும் அகழியும். 1840-களை ஒட்டி, ஜான் பிளாக்பர்ன் என்ற கலெக்டர், நெரிசலில் திணறிய ஊரை விரிவாக்க நினைத்துக் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அங்கேயே மனை என்று அறிவித்தார். ஊர்ச் சனங்களே இடித்தார்கள், தூர்த்தார்கள், வீடு கட்டினார்கள். அந்த வேலையை மேற்பார்த்தவர்கள் மாரட் என்ற நில அளவைக்காரரும் பெருமாள் மேஸ்திரியும். ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கும் ஒரு தமிழ் மேஸ்திரிக்கும் ஒரே அளவில் வீதிகளைக் கொடுத்த ஊர் நம் ஊர். கலெக்டருக்குக் கிடைத்தது கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கும் விளக்குத்தூண். அங்கே ஜிகர்தண்டா குடிக்கப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தூண் யாருக்காக வைக்கப்பட்டது என்று நின்று பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். நீங்கள் அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவராக இருங்கள்.

அந்தக் கோட்டையில் மிச்சம் ஏதும் இல்லையா என்று தேடினால், பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேற்கு வாசல் கொத்தளம் நிற்கிறது. விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், 72 பாளையக்காரர்களில் ஒவ்வொருவரும் ஒன்றைக் காத்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவ்வளவு பெரிய கோட்டையில் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எஞ்சியிருப்பது இதுதான். தினமும் பஸ்ஸுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து ஓடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போங்கள். கூட்டம் இருக்காது. அருகில் நின்று கற்களின் அடுக்கைப் பாருங்கள். பிறகு அங்கிருந்து வெளி வீதி வழியாக ஊரைச் சுற்றி வாருங்கள். நீங்கள் சுற்றியது இல்லாமல் போன ஒரு கோட்டையை. எந்தப் பாடப்புத்தகமும் அதன் பரப்பை உங்களுக்கு இவ்வளவு சரியாகக் காட்டாது.

விளக்குத்தூணுக்கு அருகே பத்துத்தூண் சந்து இருக்கிறது. துணிக்கடைகளுக்கு நடுவில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் பத்து கல் தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் கூரை இல்லை. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் அரண்மனையைச் சேர்ந்தவை அவை. இன்று மகால் என்று டிக்கெட் எடுத்துப் பார்ப்பது அந்த அரண்மனையில் கால்வாசி அளவுதான். நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார். பத்துத்தூணிலிருந்து மகால் வாசல் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். வழியில் வருகிற வீடு, கடை, பட்டறை எல்லாம் அந்த அரண்மனைப் பரப்பில் எழுந்தவை. ஓர் அரண்மனை எவ்வளவு பெரியது என்பதைக் கால்தான் அளந்து சொல்ல முடியும்.

அந்த மகால் பக்கத்துத் தெருக்களில் அவசரப்படாதீர்கள். சௌராஷ்டிரக் குடும்பங்கள் வழிவழியாகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுவந்த இடம் அது. திண்ணையிலோ நடையிலோ உட்கார்ந்து யாராவது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தால், அனுமதி கேட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணியில் ஒரு புள்ளியளவு இடத்தை நகத்தால் கிள்ளி மேலே தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றிவிட்டு, கை அடுத்த புள்ளிக்கு நகரும். இப்படி ஒரு சேலை முழுக்க முடிச்சு விழும். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சுகளை அவிழ்த்தால், நூல் கட்டியிருந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். அச்சில் அடித்த புள்ளி ஒழுங்கான வட்டமாக இருக்கும். கையால் கட்டிய புள்ளியின் நடுவில் சாயம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், ஓரம் சற்றே கலங்கியிருக்கும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் எந்தக் கடையிலும் எது கைமுடிச்சு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். உங்கள் அம்மாவின் பீரோவிலும் ஒன்று இருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

எழுத்தாணிக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, வெண்கலக் கடைத் தெரு, நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை. இந்தப் பெயர்களையும் ஒருமுறை வரிசையாகச் சுற்றி வாருங்கள். எந்தத் தொழில் இன்னும் அங்கே நடக்கிறது, எது போய்விட்டது, அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், நம் ஊரின் தொழில் வரலாறு ஒரு காலைப் பொழுதில் பிடிபடும்.

மேலமாசி வீதியில் ஒரு கதர்க் கடை இருக்கிறது. முன்பு அது ஒரு வீடு. 1921 செப்டம்பரில் காந்தி மதுரை வந்தபோது அந்த வீட்டு மாடியில் தங்கினார். செப்டம்பர் 22 காலை, சட்டையும் தலைப்பாகையும் இல்லாமல், இடுப்பில் முழங்கால் அளவு வேட்டியோடு வெளியே வந்தார். ஏழை விவசாயிக்கு உடுத்த அவ்வளவுதான் இருக்கிறது என்பது அவருடைய மனத்தில் இருந்தது. சாகும்வரை அதுதான் அவர் உடை. அங்கிருந்து காமராசர் சாலைக்குச் சைக்கிளை விட்டால், அந்த உடையில் அவர் முதன்முதலாக மக்கள் முன் பேசிய காந்தி பொட்டல் வரும். அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது. பிறகு ஆற்றைத் தாண்டித் தமுக்கம் பக்கம் போனால், ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே ரத்தக் கறையோடு இருக்கிறது. அந்த உடை பிறந்த வீடும், அதன் கடைசித் துணியும் ஒரே ஊரில், சைக்கிளில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கிறார்கள். நமக்கு அரை மணி நேரம் போதும்.

இனி தண்ணீர். இதைச் சைக்கிள்காரர்கள்தான் கண்டுபிடிக்க முடியும்.

மதுரை தட்டையான ஊர் என்று பைக்கில் போகிறவர் சொல்வார். உங்கள் கால் அதை ஒத்துக்கொள்ளாது. மிதிக்காமலே வண்டி ஓடுகிற இடமும், எழுந்து நின்று மிதிக்க வேண்டிய இடமும் உங்களுக்குத் தெரியும். அந்த இடங்களைக் குறித்து வையுங்கள். வண்டி தானாக ஓடும் பள்ளம், அநேகமாகத் தண்ணீர் போன வழி. சமமான தெருவில் காரணமில்லாமல் ஒரு மேடு வந்தால், பழைய கண்மாய்க் கரையா என்று விசாரியுங்கள். மதுரை கண்மாய்களின் ஊர். ஒன்று நிறைந்து கலுங்கில் வழிந்தால் அடுத்ததற்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது, கடைசியில் வைகை. அப்படித்தான் நம் முன்னோர் தண்ணீரைப் பகிர்ந்தார்கள். இன்று மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில். உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் வந்தது உலகநேரிக் கண்மாயில். கண்மாய் போனாலும் பள்ளம் போகாது. 2024 அக்டோபரில் ஒரே நாள் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே குறுகுகிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று கரையோரமாகப் போய்ப் பார்த்த ஒரு மாணவருக்கு, தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதேபோல கிருதுமால். துவரிமான் பக்கமிருந்து வந்து, ஊருக்குள் நுழைந்து, கூடலழகர் கோயில் பக்கமாகப் போய், சிந்தாமணியைத் தாண்டித் தெற்கே ஓடும் நதி அது. இன்று பலர் அதைச் சாக்கடை என்றுதான் அறிவார்கள். ஒரு ஞாயிறு அதன் பாலங்களை மட்டும் தேடிப் போங்கள். கைப்பிடிச் சுவர் மறைத்துக்கொண்டிருக்கும் சிறு பாலங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பாலங்களைக் கோடு போட்டு இணைத்தால், ஊரின் வரைபடத்தில் ஒரு நதி திரும்ப வந்துவிடும். அந்தக் கோட்டை நீங்களே வரைந்த பிறகு அதைச் சாக்கடை என்று கூப்பிட உங்களுக்கு வாய் வராது.

நல்ல செய்தியும் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பாருங்கள். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது, ஒரு பக்கமே ஆயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட வரும். உங்கள் அண்ணன்மார் சிறுபிள்ளையாக இருந்தபோது அதற்குள் கிரிக்கெட் விளையாடினார்கள், அவ்வளவு வறட்சி. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்த பிறகு, இப்போது தண்ணீர் நிற்கிறது. அடைத்த வழியைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி அது. அடுத்த முறை அங்கே சுண்டல் தின்னப் போகும்போது, தண்ணீர் எந்த வாயால் குளத்துக்குள் வருகிறது என்று சுற்றி வந்து கண்டுபிடியுங்கள்.

ஊருக்குள் பழகிய பிறகு, ஆசிரியரோடோ வீட்டுப் பெரியவர்களோடோ கொஞ்சம் வெளியே போகலாம். மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், கரையில் அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. படியேறிப் போனால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் ஒரு சுனை. அதன் மேலுள்ள பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். பாம்பு படமெடுத்துக் குடைபிடிக்கிறவர் பார்சுவநாதர். உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வரிகள் இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து அது. அங்கே பொறித்திருக்கும் பெயர்களில் ஒன்று குணமதியார். அவர் ராணி இல்லை. அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார். அச்சணந்தியின் பெயர் பாண்டிய நாட்டில் பல மலைகளில் இருக்கிறது. அவரைப் பெற்றவர் பெயர் இந்தப் பாறையில், தான் செய்வித்த ஓர் உருவத்தின் கீழ் இருக்கிறது. அரசர்கள் பெயரையே படித்துப் பழகிய நமக்கு, ஒரு தாயின் பெயர் கல்லில் நிற்பதைப் பார்ப்பது பெரிய விஷயம். எழுத்தைத் தொடாதீர்கள். கரியாலோ சாக்பீஸாலோ உங்கள் பெயரை எழுதாதீர்கள். குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும்.

கிழக்கே ஒத்தக்கடை யானைமலை. அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் 770-இல் தொடங்கி, முடிப்பதற்குள் இறந்துபோக, அவர் தம்பி மாறன் எயினன் முடித்துவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தபோது, சுற்றியிருந்த கிராமத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். மலை தப்பித்தது. அந்தச் சமயத்தில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை தொடங்கியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, குடும்பம் குடும்பமாக ஏதாவது ஒரு பழைய இடத்துக்கு நடந்து போய், தொல்லியல் அறிஞர்கள் அங்கேயே விளக்கிச் சொல்ல, பாறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்கள். மதுரையில் எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் தங்கள் ஊரைத் தெரிந்துகொண்டார்கள்.

தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அரிட்டாபட்டியைச் சொல்லுங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 இறுதியில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. அந்த மலையில் என்ன இருக்கிறது, எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தப் பாறையில் என்ன எழுத்து இருக்கிறது என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களால் வாதாட முடிந்தது. மதுரை வரை ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஒரு இடத்தை நமக்குத் தெரியவில்லை என்றால், அது போகும்போது போனது என்றுகூடத் தெரியாது. நம் கண்மாய்களில் பல அப்படித்தான் போயின.

உங்கள் வயதுப் பிள்ளைகள் செய்த ஒரு வேலையையும் சொல்கிறேன். கீழடி இன்று உலகம் பேசும் ஊர். முதலில் நடந்த தேடலும் அதன் பிறகான அகழாய்வும், 2023-இல் திறந்த அருங்காட்சியகமும் உங்களுக்குத் தெரியும். அதற்கு வெகுமுன்பே, 1970-களில், கீழடிப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரிடம் மாணவர்கள், கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்த பழம்பொருள்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. பத்திரப்படுத்தினார், தொல்லியல் அறிந்தவர்களுக்குச் சொன்னார். வழியில் கிடந்ததைக் குனிந்து எடுத்துப் பார்த்த சில பிள்ளைகளும், அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஓர் ஆசிரியரும் இல்லையென்றால் கீழடியின் கதை அவ்வளவு சீக்கிரம் தொடங்கியிருக்காது.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பிகளை வீட்டில் எளிதாக அனுப்பிவிடுவார்கள், உங்களிடம் நூறு கேள்வி கேட்பார்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். வயல் வேலை செய்தவர்கள், கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாகப் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி நாடு முழுக்கச் சொன்னார். ஊரார் பேச்சைத் தாண்டி அவர்கள் மிதித்த சைக்கிள்தான் இன்று உங்கள் பள்ளியில் வரிசையாக நிற்கிறது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பெற்றோர்களே, நீங்களும் இதைப் படித்தால், ஒருமுறை மகளோடு கூடவே போய்வாருங்கள். அடுத்த வாரம் நீங்களே அனுப்பிவைப்பீர்கள்.

போகும்போது சில விஷயங்கள். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். முந்தின நாளே காற்றும் பிரேக்கும் பாருங்கள். ரிங் ரோடும் நான்குவழிச் சாலையும் வேண்டாம். வழியில் பருத்திப்பால் விற்றால் ஒரு டம்ளர் சூடாகக் குடியுங்கள். ஒரு இடம் புரியவில்லை என்றால் கேளுங்கள். கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஐயா, நெல்பேட்டையில் கடை திறக்கும் பாய், வாசல் தெளிக்கும் அம்மா, யாரிடமும் "இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் மதுரையில் முகம் திருப்பிக்கொள்கிறவர்களைக் காண்பது அரிது. அவர்களே உங்களை அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

கடைசியாக என் கோரிக்கை. பார்த்ததை எழுதி வையுங்கள். போனில் எடுத்த படம் போனோடு போய்விடும். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தெருவின் பெயர், என்ன பார்த்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், எது தெரியாமல் விட்டுப்போனது என்று நாலு வரி எழுதினால் போதும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், அடுத்த வருஷம் அந்த வகுப்புக்கு வருகிறவர் கண்டுபிடிக்கட்டும். உங்கள் வரலாற்று ஆசிரியரிடமோ தமிழ் ஆசிரியரிடமோ சொல்லி, அந்த நோட்டைப் பள்ளி நூலகத்திலேயே வைக்கக் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சுற்றி ஒரு கிலோமீட்டரை எழுதி வைத்தாலே மதுரை முழுவதும் எழுதப்பட்டுவிடும். எந்தக் கண்மாய் எங்கே இருந்தது, எந்த வாய்க்கால் எந்த வருஷம் அடைபட்டது, எந்தத் தெருவில் யார் என்ன தொழில் செய்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், கையை விரிக்காமல் எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பள்ளி வாசலிலிருந்தே தொடங்குங்கள். அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் யார் வைத்தது, ஏன் வைத்தது என்பதுதான் முதல் கேள்வி. பதிலோடு திங்கட்கிழமை வகுப்புக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ச் சைக்கிள்காரன்